மூன்று நாள் விடுப்புக்கு ஏழு இணைப்புகள்

நோர்வேயின் நிர்வாகச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. அரச அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பத்துக்குத் தேவையற்ற தாமதமின்றிப் பதில் எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடியாதென்றால், ஏன் முடியவில்லை, எப்போது முடியும் என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். ஓய்வு பெறும்வரை ஒஸ்லோவில் ஓர் அரச அலுவலகத்தில் அப்படியான இடைக்காலப் பதில்களை எழுதியே என் காலம் போனது. ஆகவே, எட்டு வயது மகளுக்கு டிசம்பரில் மூன்று நாள் விடுப்புக் கேட்டு, ஒக்டோபர் கடைசியில் நான் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய விண்ணப்பத்துக்கு நவம்பர் முடிவதற்குள் ஏதாவதொரு தாள் வந்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் ஒன்று அது. ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் ஒன்பதாம் மாடியில் குடியிருந்தோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. என் அக்கா நாட்டின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அங்கிருந்த சில தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து, நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை பாலன் பிறப்பு நாடகம் போடுவார்கள். எழுதுவது, இயக்குவது, உடை தைப்பது, ஏசுவது எல்லாம் அக்காதான். அந்த வருடம் வானதூதர் வேடம் மகளுக்கு என்று சொல்லிவிட்டாள்.

ஒத்திகை ஞாயிறு மாலைகளில் தொலைபேசியில் நடந்தது. மகள் சோபாவில் ஏறி நிற்பாள். மறுமுனையில் அக்கா கத்துவது அறை முழுக்கக் கேட்கும்.

"கையை விரிச்சனியோ?"

"ஓம் மாமி."

"ரண்டையுமோ?"

"ஒண்டிலை டெலிபோன் இருக்கு."

அக்காவின் நிபந்தனை ஒன்றுதான்: புதன்கிழமையே வந்து இறங்க வேண்டும், மேடையில் இரண்டு நாளாவது பழக வேண்டும். புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாள்.

விண்ணப்பம் நான்கு பக்கம் வந்தது. கல்விச் சட்டத்தின் உரிய பிரிவைக் குறிப்பிட்டேன். இணைப்பு ஒன்று, பங்குத் தந்தையின் கடிதம். இணைப்பு இரண்டு, விமான நேர அட்டவணை. அப்படியே இணைப்பு ஏழு வரை. ஏழாவது, மகள் அந்த மூன்று நாளும் செய்யப்போகும் கணக்குகளின் பட்டியல். மறுக்கப்பட்டால் முறையீடு செய்யும் உரிமை எனக்குண்டு என்பதைக் கடைசிப் பந்தியில் மரியாதையாக நினைவூட்டியிருந்தேன்.

மனைவி வாசித்துப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, இது லீவுக் கடிதமோ, காணி வழக்கோ?"

எங்களுக்குக் கீழ்மாடியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். ஆராய்ச்சி நிலையமொன்றில் வேலை. அவருடைய பையனும் மகளின் வகுப்பு. மின்தூக்கியில் சந்தித்தபோது விடுப்பைப் பற்றிக் கேட்டேன்.

"தீபாவளிக்கு லண்டன் போனோமே சார், மூணு நாள். டீச்சருக்கு நோட்ல ரெண்டு வரி எழுதினேன். மறுநாளே ஓகேன்னு சிரிக்கிற மூஞ்சி போட்டு அனுப்பிட்டாங்க."

அது முறையல்ல என்று அவருக்குத் தரை மாடியிலிருந்து எட்டாம் மாடி வரை விளக்கினேன்.

"நீங்க ஸ்ரீலங்காக்காரங்க எதையும் பக்காவா பண்றீங்க சார்" என்றபடி இறங்கிப் போனார். பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் முடிந்தது. பதில் இல்லை. பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். செயலாளர் பெண்மணி அன்பாகத்தான் பேசினார். கடிதத்தில் முறையீடு என்ற சொல்லும் சட்டப் பிரிவுகளும் இருந்ததால், அதை முறையீடாகப் பதிந்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டாராம். அங்கே சட்டத்தரணி ஒருவர் பார்ப்பாராம். எப்போது என்று அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் கோபிக்கவும் முடியவில்லை.

மகள் பள்ளியால் வந்ததும் தபால்பெட்டியைத்தான் முதலில் பார்ப்பாள். "அப்பா, ரெக்டர் யா சொல்லிட்டாவோ?" தலைமை ஆசிரியர் ஓம் சொல்லிவிட்டாரா என்றுதான் கேட்கிறாள். இல்லை என்பேன். அனுமதியில்லாமல் போகலாமா என்று ஒருநாள் மனைவி கேட்டாள். முடியாது என்றேன். இந்த நாட்டில் ஒருநாளும் நான் முறை தவறியதில்லை.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், ஞாயிறு மாலை தொலைபேசி அடித்தது. மகள் சோபாவில் ஏறவில்லை. கம்பளத்தில் இருந்து படம் கீறிக்கொண்டே சொன்னாள்:

"நான் வரேல்லையெண்டு மாமிட்டைச் சொல்லுங்கோ. வேற ஆளை எடுக்கட்டும்."

அழவில்லை. என் அலுவலகத்தில் காத்திருந்து அலுத்துப்போனவர்கள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்போது பேசுகிற குரல் அது. எனக்குப் பழக்கமான குரல். அதை எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டது அன்றுதான்.

மறுநாள் காலை பிள்ளைகளின் ஈரச் சப்பாத்துகளுக்கு நடுவே நின்று, வகுப்பு ஆசிரியையிடம் வாயால் கேட்டேன். தாளில்லாமல் கேட்பதற்கு எனக்கு வார்த்தை சரியாக வரவில்லை. இணைப்புகளை விளக்கத் தொடங்கினேன்.

"மூன்று நாள்தானா?" என்றார் அவர். "மூன்று நாள் வரை நானே தரலாமே. முதல் பெற்றோர் கூட்டத்தில் கொடுத்த தாளில் இருந்ததே. போய்விட்டு வாருங்கள். வந்து நாடகத்தைப் பற்றி வகுப்பில் சொல்லட்டும்."

அதிகாரக் கையளிப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் பாடம் எடுத்துவந்த விஷயம். அந்தத் தாள் என் கோப்பில்தான் இருந்தது. துளையிட்டு, திகதியிட்டு, வாசிக்கப்படாமல்.

புதன்கிழமை மூன்று விமானம் மாறிப் போனோம். கடைசி விமானம் பேருந்தளவு. மகன் அதில் சத்தி எடுத்தான். ஹம்மர்பெஸ்டில் இறங்கியபோது மதியம் ஒரு மணி, ஆனால் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அக்கா என் மகளைத்தான் முதலில் கட்டிப்பிடித்தாள். "கை ரண்டும் இருக்குது தானே?"

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஆட்டுக்குட்டியாக வரவேண்டிய மகன், கலைமானாகத்தான் வருவேன் என்று அடம்பிடித்து, கொம்போடு வந்தான். பெத்லகேமில் கலைமான் இல்லை என்று அக்கா சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். மேடையில் இடையர்கள் மூவர் படுத்திருந்தார்கள். மகள் வெள்ளைச் சிறகோடு வந்து இரண்டு கையையும் விரித்தாள்.

"இடையர்களே, எழும்புங்கள்! பாலன் பிறந்துவிட்டார்!"

இருவர் எழும்பினார்கள். மூன்றாமவர் அக்காவின் கணவர். அதிகாலை முறை வேலை முடித்து வந்தவர், உண்மையிலேயே தூங்கிவிட்டார். மகள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் கையை ஆட்டிய அக்காவையும் பார்க்கவில்லை. குனிந்து அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மாமா, எழும்புங்கோ! பாலன் பிறந்து எவ்வளவு நேரமாச்சு!"

மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரமானது. ஒரு சொல் விளங்காத நோர்வேஜியர்களும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான் என்று மனைவி இன்றும் சொல்வாள்.

பனி கரையத் தொடங்கிய பிறகு மேலிடத்துக் கடிதம் வந்தது. எந்த முடிவும் எடுக்கப்படாத விடயத்தில் முறையீடு செய்ய எதுவுமில்லை, விடுப்பு வேண்டுமென்றால் வகுப்பு ஆசிரியரைக் கேட்கவும் என்று ஒன்றரைப் பக்கம். நல்ல நடை.

"மாட்டினம் எண்டு எழுதியிருக்கினமோ?" என்று மகள் எட்டிப் பார்த்தாள்.

"இல்லை. நாங்கள் ஒண்டும் கேக்கவேயில்லையாம்."

"அப்ப அடுத்த வருசமும் போகலாம்."

அதில் சட்டப்பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. போகலாம் என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி கடிதத்தின் மேல் மூலையில் கிடைத்த நாளைக் குறித்தேன்: மார்ச் நான்கு.