கால் எட்டும் சைக்கிள்

அவளை எல்லோரும் பொடிசு என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்த வீட்டில் வைத்த பட்டப்பெயர். கல்யாணமாகி வந்தபோது பெட்டி படுக்கையோடு அதுவும் கூடவே வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதிலும் அவள் பொடிசுதான். உயரம் நாலரை அடிக்கு ஒரு விரற்கடை கூடுதல். அந்த விரற்கடையை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. வேலை மேசைகள் எல்லாம் ஒரே உயரம். அதனால் அவள் இடத்தில் மட்டும் தரையில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன்மேல் நின்று மெழுகில் பல் அடுக்குவாள். கைவேலை சுத்தம். யாரோ முகம் தெரியாத ஒருவரின் மேல்வரிசைப் பற்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, உலகத்தில் தனக்கு எட்டாதது எதுவுமில்லை என்பதுபோல நிற்பாள். பெட்டியிலிருந்து இறங்கினால்தான் வம்பு. பஸ்ஸில் உட்கார்ந்தால் கால் தொங்கும். ஷூ வாங்குவதற்குச் சிறுவர் பிரிவுக்குத்தான் போகவேண்டும். வாங்கி வந்த அன்றே அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பூனைப் படத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவாள்.

அவள் வேலைக்குப் போய்வந்த சைக்கிளும் மகளுடையது. பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன சாமான்கள் வேறு பிள்ளைகளுக்குப் போவதுதான் வழக்கம். இந்த வீட்டில் அம்மாவுக்கு வந்தது. மகள் பதினோரு வயதில் விறுவிறுவென்று வளர்ந்து சைக்கிளை ஒதுக்கித் தள்ள, அம்மா எடுத்துக்கொண்டாள். மகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போன பிறகும் அந்த ரோஸ் நிற சைக்கிள் அவளைச் சுமந்துகொண்டிருந்தது.

அவளுக்கு ஒரு நாத்தனார். கணவனின் தங்கை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, தனியாள், ஓங்குதாங்கான உடம்பு. விடுமுறை கிடைத்தால் சைக்கிளில் இரண்டு பக்கமும் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவாள். மலையைத் தாண்டிக் கடலோரமாகவே துறைமுகம் வரை போகும் பழைய சாலையில் ஒருமுறை போய்விட்டு வந்து, படங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது போகிற போக்கில் சொன்னாள்.

"அடுத்த தடவை நீங்களும் வாங்க அண்ணி."

சொன்னவள் அப்போதே மறந்துவிட்டாள். கேட்டவள் மறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, "எந்த மாசம் போறோம்?" என்று போன் செய்து கேட்டாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். மனிதர்களை மேலும் கீழும் கொண்டுபோகும் வேலை என்பதாலோ என்னவோ, எதற்கும் பதறாதவன். "உன் சைக்கிள்ல மளிகைக் கடையே தாண்டாதே, மலையை எப்படித் தாண்டும்?" என்றான். அது கேலி. ஆனால் நியாயமான கேள்வியும்கூட. ரோஸ் சைக்கிளில் பை மாட்ட இடமில்லை, கியர் இல்லை. நீண்ட பயணத்துக்கான சைக்கிள் ஒன்று வேண்டும்.

நகரத்தின் பெரிய சைக்கிள் கடைக்கு மூவரும் போனார்கள். கழுத்துப்பட்டை அணிந்த விற்பனையாளர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பெண்களுக்கான சைக்கிள்களில் ஆகச் சிறியதை எடுத்துவந்து, சீட்டை இதற்கு மேல் இறங்காது என்ற அளவுக்கு இறக்கினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். ஒரு காலின் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது.

"இன்னும் கொஞ்சம் காலை நீட்டுங்க மேடம்."

"நீட்டினா நீளும்னா இந்நேரம் நீட்டியிருக்க மாட்டேனா?"

நாத்தனார் சிரித்துவிட்டாள். விற்பனையாளர் சிரிக்கவில்லை. பழகப் பழகச் சரியாகிவிடும், எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும் என்றார். சைக்கிள் கரும்பச்சை நிறம். பெரிய மெல்லிய சக்கரங்கள், வளைந்த கைப்பிடி, பின்னால் பை மாட்டும் கம்பி. சாலையில் எத்தனையோ பேர் தன்னைத் தாண்டிப் போகும்போது அவள் பார்த்துப் பெருமூச்சு விட்ட அதே சாயல். தொலைவில் நின்று பார்த்த கணவன், "கம்பீரமா இருக்கு" என்றான். அவன் சொன்னது சைக்கிளை. அவள் தன்னையும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். கடையில் வேறு எதையும் ஏறிப் பார்க்கவில்லை.

ஓட்டம் பிடித்தபிறகு குறை தெரியவில்லை. ஏறுவதற்கு நடைபாதை விளிம்பு வேண்டும், இறங்குவதற்கும் வேண்டும், அவ்வளவுதான். பிரேக்கைப் பிடிக்க விரல் நுனி மட்டும் எட்டியது. பழகப் பழக எட்டும் என்று நினைத்தாள்.

பயணத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைகளில் சுமை ஏற்றி வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் மெதுவாக ஏறிக் குறுகிய திருப்பத்தில் திரும்பும்போது, மிதித்துக்கொண்டிருந்த காலின் நுனி திரும்பிய முன்சக்கரத்தில் போய் முட்டியது. பெரிய சக்கரத்தைச் சின்னச் சட்டத்தில் பொருத்தினால் மிதிகட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடம் இருக்காது. அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சைக்கிள் நின்றது. அவள் நிற்கவில்லை. காலை ஊன்றப் பார்த்தாள், தரை எட்டவில்லை. இடது கையை ஊன்றினாள்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டார்கள். எத்தனையோ வாய்களுக்கு மாவில் அச்சு எடுத்தவள், தன் கைக்கே அச்சு எடுத்த மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடத்தின் முதலாளியம்மா அவள் இடத்துக்குத் தற்காலிகமாக வேறொருவரை வைத்தார். நெட்டையான ஆள். முதல் வேலையாக மரப்பெட்டியைத் தூக்கி மூலையில் வைத்தான். ஒரு கையால் செய்யக்கூடிய வேலை என்று பல்லுக்கு நிறம் பொருத்திப் பார்ப்பதை மட்டும் அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் வந்து ஓரமாக உட்கார்ந்து, மஞ்சளா வெள்ளையா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதறாத கணவன் இந்த முறை பதறினான். அவனுக்குப் பதற்றம் கோபமாகத்தான் வந்தது.

"கையை வச்சுத்தானே பொழைப்பு? விரல் மடங்காமப் போயிருந்தா என்ன பண்ணுவே? போதும் இந்தச் சைக்கிள் கதை."

"நீங்கதானே கம்பீரமா இருக்குன்னீங்க?"

"நிறுத்தி வச்சிருக்கும்போது சொன்னேன்."

கரும்பச்சை சைக்கிளை அவளே விற்கச் சொன்னாள். வாங்கியவன் வந்து, சீட்டை மேலே ஏற்றிக்கொண்டு, ஒரே தாவாகத் தாவி ஏறிப் போனான். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனாருக்கு மனசு உறுத்தியது. தன் சைக்கிளைப் பழுது பார்க்கும் ஆளிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவனுக்குப் போல்ட் என்று பெயர். முப்பதைத் தாண்டியவன், வாய் ஓயாதவன், தன்னைப்போல சைக்கிள் தெரிந்தவன் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்பவன். மாவுக்கட்டு பிரித்த பிறகு ஒருநாள் அண்ணியை அவன் பட்டறைக்கு அழைத்துப் போனாள்.

போல்ட் அவளை ஏற இறங்கப் பார்க்கவில்லை. டேப்பை எடுத்தான். தொடை இடுக்கிலிருந்து பாதம் வரை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை, உள்ளங்கை அகலம், விரல் நீளம், பாதத்தின் நீளம் என்று ஒன்றுவிடாமல் அளந்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவளை எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் போட்டிருந்தார்கள். அளந்தவர் யாருமில்லை.

"உங்க மேல குத்தமில்லக்கா. சக்கரத்து மேலதான் குத்தம். பெரிய சக்கரத்தை வச்சுக்கிட்டு சட்டத்தை மட்டும் சின்னதாக்கினா கால் இடிக்காம என்ன செய்யும்? சக்கரத்தையும் சின்னதாக்கணும்."

உள்ளே போய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். இருபது அங்குலச் சக்கரம். தாழ்ந்த சட்டம், நீண்ட சீட்டுக் கம்பு, மலை ஏறப் போதுமான கியர். முன்னும் பின்னும் பை மாட்டலாம். நிறம் வாழைப்பழ மஞ்சள்.

அவள் முகம் விழுந்துவிட்டது.

"சர்க்கஸ்ல கரடி ஓட்டுமே, அந்த மாதிரி இருக்கு."

"கரடி விழுந்து பாத்திருக்கீங்களாக்கா?"

நாத்தனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பொடிசுக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கும் அதற்கும் நடுவில் ஒன்று கிடையாதா என்று கேட்டாள். இருபத்துநாலு அங்குலம் இருக்கிறது, ஆனால் வழியில் டயர் போனால் அந்த அளவு சுலபத்தில் கிடைக்காது என்றான் போல்ட். இருபது என்றால் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஏன் என்று கேட்டாள்.

"சின்னப் பசங்க சைக்கிள் எல்லாம் இந்த அளவுதானேக்கா."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தபோது நாத்தனாரிடம் சொன்னாள்.

"ஒரே ஒரு சாமானாவது பெரியவங்க சாமானா வாங்கலாம்னு பார்த்தேன்."

நாத்தனாருக்கு அப்படி ஒரு கஷ்டம் இருந்ததே இல்லை.

இரண்டு வாரம் போயிற்று. கூடத்தில் மரப்பெட்டி பழையபடி மேசைக்குக் கீழே வந்தது. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் அவள் யாரிடமும் சொல்லாமல் போல்டின் பட்டறைக்குப் போனாள். பின்னால் இருந்த முற்றத்தில் மஞ்சள் சைக்கிளை ஓட்டிப் பார்க்கக் கேட்டாள். நின்ற இடத்திலேயே ஏறினாள். மிதித்தாள், பிரேக் பிடித்தாள், இரண்டு பாதங்களும் முழுதாகத் தரையில் பதிந்தன. சுவரோரமாக முடிந்த அளவு குறுக்கித் திரும்பினாள். கால் எதிலும் இடிக்கவில்லை. மறுபடி திரும்பினாள். போல்ட் ஏதோ விளக்க வந்தான், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவனும் சற்று நேரம் பார்த்துவிட்டு, அவனுக்கே புதிதாக, வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மிதிகட்டைக் கம்பிகளைக் குட்டையானதாக மாற்றச் சம்மதித்தாள். வளைந்த கைப்பிடிதான் தூரப் பயணத்துக்குச் சரி என்று போல்ட் ஒற்றைக்காலில் நின்றான். அவள் நேர்க்கைப்பிடிதான் வேண்டும் என்றாள். அவனுக்காக ஒருநாள் வளைந்ததைப் போட்டு ஓட்டினாள். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. போல்ட் நேர்க்கைப்பிடியை மாட்டிக் கொடுத்தான். பிரேக் பிடியையும் விரல் முழுதாக மடங்கும்படி உள்ளே தள்ளி வைத்தான். மஞ்சள் நிறத்தை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. சாம்பல் நிறம் பூசிய பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

கணவன் அதைச் சுற்றிவந்து பார்த்தான். கம்பீரம் என்ற பேச்சே எடுக்கவில்லை. பிரேக்கை இழுத்துப் பார்த்து, "பிடிக்குது" என்றான். அவன் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பயணம் கிளம்பினார்கள். சாலையோரத்தில் பிள்ளைகள் கூவிக்கொண்டு கொஞ்சதூரம் கூடவே ஓடிவந்தன. முதல் நாள் அவளுக்குச் சுருக்கென்றது. அப்புறம் கையசைக்கத் தொடங்கினாள். மலையில் சின்னச் சக்கரம் நன்றாகவே ஏறியது. ஆனால் அவள் மெதுவாகத்தான் ஏறினாள். நாத்தனார் முன்னால் போய் மரத்தடியில் காத்திருப்பாள். பொடிசு மூச்சுவாங்க வந்து சேர்ந்ததும், அதுவரை இளைப்பாறியவள் எழுந்து கிளம்பிவிடுவாள். காத்திருந்தவளுக்கு ஓய்வு கிடைத்தது, வந்தவளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்குமே அது முதலில் உறைக்கவில்லை.

மலையிறங்கித் தங்கிய விடுதியில் அது வெடித்தது.

"இப்படிப் போனா என் லீவு முடிஞ்சிடும் அண்ணி. கொஞ்சம் வேகமா மிதிக்கக் கூடாதா?"

"உன் கால் ஒரு மிதி மிதிச்சா எங்கேயோ போயிடுது. என் காலுக்கு அது எத்தனை மிதின்னு உனக்குத் தெரியுமா?"

"கூப்பிட்டது என் தப்பு."

"ஆமாம். நீ சும்மா கூப்பிட்டே. நான் நிஜமா வந்துட்டேன்."

இருவரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தார்கள். காலையில் பொடிசு துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "நீ முன்னாடி போ. நான் என் பாட்டுக்கு வரேன்" என்றாள். அதில் கோபம் இருக்கவில்லை. நாத்தனார் தயங்கினாள், பிறகு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கடலோரச் சாலை முழுக்க அவள் தனியாகத்தான் போனாள். எதிர்க்காற்று. உப்பு உதட்டில் ஒட்டியது. ஆள் ஓய்ந்த இடங்களில் நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றிச் சீட்டிலிருந்து இறங்காமலேயே தண்ணீர் குடித்தாள். யாரும் அவளுக்காக எங்கும் காத்திருக்கவில்லை என்பது முதல் நாள் பயமாக இருந்தது. மறுநாள் அப்படி இல்லை.

துறைமுகத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது நாத்தனார் லீவு முடிந்து ரயிலேறிப் போயிருந்தாள். படகுகளின் பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளையும் அவளையும் பார்த்து, "பிள்ளையோட சைக்கிளாம்மா?" என்று கேட்டார்.

"இல்லங்க, என்னோடது."

கணவனுக்குப் போன் செய்தாள். "வந்துட்டேன்."

"வீட்டுக்கா?" என்றான் அரைத்தூக்கத்தில். ராத்திரி வேலை முடிந்து வந்த பகல் தூக்கம் அவனுக்கு.

"துறைமுகத்துக்கு."

"கை எப்படி இருக்கு?" என்று கேட்டான். வலிக்கிறது என்று உண்மையைச் சொன்னாள். சில காலைகளில் அந்த வலி இன்றும் வருகிறது. அப்போது கையை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் மெழுகைத் தொடுவாள்.

ஊர் திரும்பிச் சில நாள் கழித்து நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். சமையலறை வாசலில் நின்றாள்.

"நான் உங்களுக்காக நின்னிருக்கணும் அண்ணி."

"நின்னிருந்தா நான் உன்னைத் திட்டியிருப்பேன். உள்ளே வா, அந்த மேல் டப்பாவை எடுத்துக் குடு."

அடுத்த வருஷமும் இருவரும் போனார்கள், வேறு சாலையில். காலையில் அவரவர் நேரத்துக்குக் கிளம்புவது, மாலையில் ஒரே விடுதியில் சேர்வது என்று ஏற்பாடு. முதலில் போய்ச் சேருகிறவர் அறை எடுத்து வெந்நீருக்குச் சொல்லிவைக்க வேண்டும். பெரும்பாலும் நாத்தனார்தான் முதலில் போனாள். பொடிசு போய்ச் சேரும்போது வெந்நீர் தயாராக இருக்கும். சில நாள் ஆறியும் போயிருக்கும்.