பூட்டுப் போட்ட தொட்டி

சோடாக் காரம் பட்ட கைக்குச் செய்ய வேண்டியவை எனக்கு மனப்பாடம். முதலில் தண்ணீர், நிறைய. பிறகு நீர் கலந்து வீரியம் குறைத்த வினிகர். ஈரத்தை ஒற்றி எடுத்த பின் தேங்காயெண்ணெய். கடைசியாக, அந்தக் கையை மறுபடியும் காரத்தில் வைக்காமல் இருப்பது. மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் படிப்பை முடித்துவிட்டு, தங்க வயலில் ஒரு சுரங்கத்தின் மருந்தகத்துக்கு வேலைக்கு வந்தேன். முதல் மூன்றையும் தினமும் என் அண்ணிக்குச் செய்தேன். நான்காவது என் அதிகாரத்தில் இல்லை.

தங்கம் கலந்த கல்லை இடித்து மாவாக்கும் இயந்திரங்கள் இருக்கும் இடத்தை மில்லு என்போம். அண்ணிக்கு அங்கே கழுவும் கொட்டகையில் வேலை. இடிக்கிற இரும்புக் கட்டைகள், போல்ட்டுகள், சல்லடைத் தகடுகள் எல்லாம் கிரீசும் கல்மாவும் அப்பிக்கொண்டு வரும். காஸ்டிக் சோடா கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் அவற்றை ஊறவைத்துத் தேய்த்துப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். தொட்டால் வழுக்குவதால் பெண்கள் அதைச் சவுக்காரத் தண்ணி என்றார்கள். வழுக்குவது தண்ணீர் அல்ல, தோலிலுள்ள கொழுப்பு காரத்தோடு சேர்ந்து நிஜமாகவே சவுக்காரம் ஆகிக்கொண்டிருக்கிறது என்று நான் விளக்கியபோது அண்ணி சொன்னாள்: "அப்போ துணி தொவைக்க என் கையே போதும்."

கையில் துணி சுற்றிக்கொள்ள அனுமதி இல்லை. காரணம், தங்கம். பாகங்களின் இடுக்குகளில், தங்கத்தைப் பிடிக்க மில்லில் ஊற்றும் பாதரசத்தோடு ஒட்டியிருக்கும் துணுக்குகள் கழுவும்போது உதிர்ந்து அடியில் படியும். துணி அவற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பது சுரங்கக் காவலுக்கு அதிகாரியான வெள்ளைக்காரர், காவல் தொரையின் சந்தேகம். கொட்டகையை விட்டு வெளியே வரும் ஒவ்வொருத்தியும் வாசலில் கூந்தலை அவிழ்த்து உதற வேண்டும், முந்தானையை உதற வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், கடைசியில் விரல்களை விரித்து நீட்ட வேண்டும். சோதனை ஆயா ஒரு மூங்கில் சிம்பால் நகத்தின் அடியில் சுரண்டிப் பார்ப்பாள். காரத்தில் இளகிய நகத்துக்குள் அந்தச் சிம்பு எவ்வளவு சுலபமாக இறங்கும் என்பதை அண்ணியின் விரல்களில் பார்த்திருக்கிறேன்.

வேலையை விட்டுவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. என் அண்ணன் சுரங்க ஷாஃப்ட்டுக்குள் பாறை சரிந்து செத்தபோது, அவனுக்கு ஈடாக அண்ணிக்குக் கொடுத்த வேலை அது. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லைனில் நாங்கள் குடியிருந்த அறை அந்த வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அறை போகும். கல்யாணமாகாத பெண்ணான எனக்கு லைனில் அறை தர மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் காரத்தண்ணீரை மரப் பீப்பாய்களில்தான் வைத்திருந்தார்கள். தொரைமார் கிளப்பில் பிராந்தி தீர்ந்த பீப்பாய்களைப் பாதியாக அறுத்தவை. மரத்தைக் காரம் மெல்ல மெல்லத் தின்றது. ஒருநாள் ஒரு பீப்பாய் பிளந்து எல்லாம் தரையில் ஓடியது. தங்கம் சாக்கடையோடு போய்விட்டதென்று மில் முழுக்க அமளி. காவலாட்கள் மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். பெண்களின் பாதங்கள் வெந்துபோனது, அவர்கள் மருந்தகத்துக்கு நடந்து வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

அதற்கப்புறம் மில் தொரை மருந்தகத்துக்கே வந்தார். கூடவே ரைட்டர், அதாவது தொரைக்குக் கணக்கெழுதி, அவர் பேசுவதை எங்களுக்குத் தமிழில் சொல்லும் ஆபீஸ்காரர். காரத்தின் குணம் தெரிந்தவள் நான் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். எந்தத் தொட்டி நிலைக்கும் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் பார்த்தேன். தொட்டியிடம் எதிர்பார்த்தவற்றை வரிசைப்படுத்திக்கொண்டேன். காரம் அதைத் தின்னக் கூடாது. சூட்டைத் தாங்க வேண்டும். அழுக்கு ஓரிடத்தில் சேர வேண்டும். அதை வெளியேற்ற வழி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருடைய கையும் உள்ளே போகாமல் வேலை நடக்க வேண்டும். இந்த ஐந்தாவதைத்தான் நான் முதலில் எழுதினேன். ரைட்டர் தொரைக்குப் படித்துக் காட்டும்போது அதைக் கடைசியில் படித்தார்.

முன்னால் இருந்தவை நான்கு. சிமெண்டு பூசிய செங்கல் தொட்டி. சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் விரிசல் விடும். உள்ளே ஈயத் தகடு பதித்த மரப்பெட்டி. அமிலத்துக்கு உகந்தது, காரத்துக்கு அல்ல. மதராசிலிருந்து வந்த துத்தநாகப் பூச்சுத் தொட்டி. பளபளவென்று இருந்தது, தொரைக்கு அதன்மேல்தான் கண். கடைசியாக, பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பழைய பாய்லர். நெடுக்கே அறுத்தால் வளைந்த அடியுள்ள இரும்புத் தொட்டி கிடைக்கும்.

துத்தநாகத் துண்டு ஒன்றைச் சூடான காரத்தண்ணீரில் போட்டு, கண்ணாடிக் குப்பியில் தொரைக்குக் காட்டினேன். குமிழி குமிழியாகக் கிளம்பிற்று. குப்பியின் வாயருகே தீக்குச்சியைக் கொண்டுபோனதும் டப்பென்று வெடித்தது. ரைட்டர் கதவருகே போய் நின்றுகொண்டார். தொரை சிரித்தார். பாய்லர் முடிவாயிற்று. அதோடு நான் கேட்ட மற்றவையும் கிடைத்தன: பாகங்களை வைத்து முக்கி எடுக்க ஒரு கம்பிக் கூடை, அதைத் தூக்க ராட்டினமும் சங்கிலியும், அலச இன்னொரு தொட்டி, அடியில் ஒரு குழாய்.

தொட்டி தயாராகும் வரை பட்டறைக்கும் மருந்தகத்துக்குமாக நான் அலைந்ததைப் பார்த்து அண்ணிக்கு ஒரே கேலி. "தொட்டிக்கு இவ்ளோ கேள்வி கேக்கறியே பாப்பா, உனக்கு வர்ற மாப்ளய இதுல பாதி கேட்டாலே போதும், ஓடிப்பூடுவான்" என்றாள்.

கூடை வந்தது. சங்கிலியை விட்டால் உள்ளே போயிற்று, இழுத்தால் வெளியே வந்தது. அலசிய பிறகுதான் பெண்கள் பாகங்களைத் தொட்டார்கள். அண்ணியின் விரலிடுக்குப் புண்கள் ஆறின. அதுவரை கரண்டியால் சாப்பிட்டவள், ஒருநாள் களியை உருட்டிக் காரக் குழம்பில் தோய்த்துக் கையால் சாப்பிட்டாள். எரியவில்லை என்றாள். ஆள்காட்டி விரலில் புது நகம் பிறை மாதிரி எட்டிப் பார்த்தது. அந்தச் சில வாரங்களில் எங்கள் அறையில் வினிகர் வாசனை இல்லை.

பிறகு காவல் தொரை கொட்டகைக்கு வந்தார். கூடையின் கம்பிப் பின்னலில் தங்கத் துணுக்குகள் சிக்கியிருந்தன. குழாயின் வளைவிலும் கொஞ்சம் இருந்தது. யாரும் எடுக்கவில்லை, எடுத்ததாகவும் அவர் சொல்லவில்லை. எடுக்க முடியும் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. தங்கம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அந்த இடத்தின் சாவி தன்னிடம் இருக்க வேண்டும் என்றார். கூடையைக் கழற்றினார்கள். குழாயின் வாயை இரும்பு முளையால் அடைத்தார்கள். தொட்டிக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டுத் தொங்கவிட்டார்கள். வேலை நேரத்தில் மட்டும் திறப்பார்கள்.

நான் மில் ஆபீசுக்குப் போனேன். கூடையையும் பூட்டி வையுங்கள் என்றேன். கம்பிக்குப் பதிலாக ஓட்டை போட்ட வழவழப்பான தகட்டில் கூடை செய்தால் எதுவும் சிக்காது என்றேன். அதுவும் முடியாதென்றால் நீண்ட கிடுக்கியாவது கொடுங்கள் என்றேன். தொரை சன்னலைப் பார்த்துக்கொண்டு சுருக்கமாக ஏதோ சொன்னார். எனக்கு மருந்துச் சீட்டு படிக்கிற அளவு ஆங்கிலம் தெரியும். தொட்டி அருமையானது என்றுதான் சொன்னார். மீதியைச் சொன்னது ரைட்டர்.

"கூடைக்கு ஆயிரம் கண்ணு கீதும்மா. கிடுக்கிக்கு மூட்டு கீது, இடுக்கு கீது. கைக்கு இன்னா கீது? பத்து வெரலு. எத சோதிக்கறது சுலபம், நீயே சொல்லு. படிச்ச பொண்ணு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. விலை விசாரிக்கிறவர் குரலில் சொன்னார்.

கைகள் மறுபடியும் உள்ளே போயின. ஆனால் இது பழைய பீப்பாய் அல்ல. பீப்பாயில் மணிக்கட்டு வரை நனைந்தது. கூடை முழுசாக முங்குவதற்காக ஆழம் வைத்து அறுத்த பாய்லரில் முழங்கை வரை நனைந்தது. மரத்தில் சீக்கிரம் ஆறிய சூடு இரும்பில் ஆறவில்லை. மரம் கெட்டுவிடும் என்று முன்பெல்லாம் காரத்தை மட்டாகத்தான் போடுவார்கள். இரும்பு தாங்கும் என்று நான்தான் நிரூபித்திருந்தேனே, இப்போது தாராளமாகப் போடச் சொன்னார்கள். புதுத் தொட்டி வந்ததிலிருந்து காரம் கரைக்கும் வேலையை என்னிடம் தந்திருந்தார்கள்; அது இருந்தவரை குறைத்துக் கரைத்துப் பார்த்தேன். கிரீசு போகவில்லை. பெண்கள் திட்டு வாங்கினார்கள். அந்த வேலையும் என்னிடமிருந்து போயிற்று.

தொட்டிக்கு ஒரு குறையும் வரவில்லை. ஒழுகவில்லை, அரிக்கவில்லை. வெளியிலிருந்து வரும் தொரைமாரை மில் தொரை அழைத்துப்போய் அதைக் காட்டுவார். மூடியைத் தட்டிக் காட்டுவார். ஒருமுறை என்னைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் நிறுத்தினார். நான் வணக்கம் சொன்னேன். அண்ணி அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றிருந்தாள்.

புது நகம் வளர்ந்து முடியவில்லை. அதோடு மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. வலித்து விழவில்லை, நனைந்த தாள் போலக் கழன்று வந்தன என்றாள்.

ஒரு சாயங்காலம் அண்ணி மற்ற பெண்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களா என்று கேட்டேன். இல்லை. வரிசையில் நின்று வழக்கம்போலக் கையை நீட்டியிருக்கிறாள். ஆயா சிம்பை எடுத்திருக்கிறாள், கையைப் பார்த்திருக்கிறாள், சிம்பைத் தாழ்த்திவிட்டாள்.

"நீ போம்மே. உங்கிட்ட நகம் எங்க கீது நான் பாக்கறதுக்கு" என்றாளாம்.

மறுநாள் வரிசையில் நிற்கவே வேண்டாம், நேராகப் போய்விடலாம் என்றும் சொல்லியிருக்கிறாள்.

"தொரைசானி மாதிரி வந்துட்டேன் பாப்பா" என்று அண்ணி சிரித்தாள். "எங்கூட வேல செய்றவளுங்க எல்லாம் பொறாமையில பாக்கறாளுங்க."

நான் சொம்பில் தண்ணீர் எடுத்தேன். வினிகர்ப் புட்டியையும் எண்ணெயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கையைக் கொடுங்கள் என்று சொல்லும் முன்பே, வாசலில் நீட்டுகிற அதே பழக்கத்தில், அண்ணி பத்து விரலையும் அகல விரித்து என் முன்னால் நீட்டினாள்.