ரெகுலேட்டர் மாற்றிய வெள்ளிக்கிழமை

கிள்ளானில் நாங்கள் வழக்கமாகப் போகும் கார் பட்டறைக்காரர் நல்ல மனிதர். ஒரே ஒரு குறை. கார் என்னுடையது, ஓட்டுவது நான், எஞ்சின் சத்தம் மாறினால் முதலில் பிடிப்பதும் என் காதுதான். ஆனால் அவர் பதில் சொல்வது மட்டும் என் கணவரிடம். என் கணவருக்கோ காரில் தெரிந்தது ஏர்கோன் பொத்தான் ஒன்றுதான். பாவம், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு தடவையாவது அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்து என் காரைப் பற்றிப் பேசவேண்டும். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம்.

என்னுடையது பழைய டர்போ வண்டி. பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து திரும்பும்போது, கூட்டரசு நெடுஞ்சாலையின் ஏற்றத்தில் காலை அழுத்தினால், பாயவேண்டிய வண்டி மூச்சு முட்டித் திணறும். "பெட்ரோல் பம்ப மாத்திடலாம் அண்ணே" என்றார் பட்டறைக்காரர். மாற்றினார். திணறல் போகவில்லை. "பழைய வண்டி லா அண்ணே, இனிமே இப்படித்தான். மெதுவா ஓட்டச் சொல்லுங்க."

சொல்லுங்களாம்! நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த வாரமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தோசையும் மறுகையில் போனுமாக வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது ரெகுலேட்டர் என்ற சின்ன உருண்டை. டர்போ காற்றைக் கூடுதலாகத் தள்ளும்போது பெட்ரோலின் அழுத்தமும் கூடவே ஏறவேண்டும். அந்தச் சேதியை ரெகுலேட்டருக்குக் கொண்டுபோவது ஒரு மெல்லிய காற்றுக்குழாய். நான் பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ரெகுலேட்டரில் அந்தக் குழாய் சேரும் இடத்தில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. பெட்ரோல் பம்ப் ஒரு பாவமும் அறியாதது, கெட்டது ரெகுலேட்டர். அழுத்தத்தை நாமே கூட்டிக் குறைக்கும் வகையில் புதிதாக ஒன்று வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். வீட்டுப் போர்ச்சிலேயே வேலை. குழாயில் அழுத்தம் இறங்கப் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பேட்டரியைக் கழற்றி, துணியைச் சுற்றிப் பெட்ரோல் குழாயை இழுத்தேன். வாடை குப்பென்று அடித்தது. பின்னாலேயே இன்னொரு வாசம். திரும்பினால், என் கணவர் வாசற்படியில், கையில் கனன்றுகொண்டிருக்கும் சாம்பிராணிக் கரண்டி!

"ஐயோ, அங்கேயே நில்லுங்க! பெட்ரோல் தொறந்து கெடக்குது!"

"புதுச் சாமான் ஆச்சே, வெள்ளிக்கெழமையும் அதுவுமா ஒரு சுத்து காட்டிடலாம்னு பார்த்தேன்."

"காட்டினா நாம ரெண்டு பேரும் சேர்ந்தே மேல போயிடலாம். உள்ள போங்க!"

அவர் போன வேகத்தில் என் கார்கூடப் போயிருக்காது.

வாடை அடங்கும்வரை காத்திருந்து, புதியதை மாட்டினேன். ஃபியூஸையும் பேட்டரியையும் திரும்ப மாட்டி, எஞ்சினைக் கிளப்பி ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. வீடியோவில் சொன்னபடி, அளவு தப்பாமல் இருக்கக் காற்றுக்குழாயைக் கழற்றிவிட்டு, மீட்டரில் அழுத்தத்தை மூன்று ‘பார்’ அளவில் நிறுத்தினேன். மறுபடியும் சைக்கிள் பம்ப். முள் ஏறியது. நான் அடிக்க அடிக்க ஏறியது.

மறுநாள் காலை அதே ஏற்றம். ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். வண்டி ஒரு திணறலும் இல்லாமல் பாய்ந்து ஏறியது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். இது நான் செய்தது, நானே செய்தது என்று சத்தமாகவே சொன்னேன்.

அன்று பிற்பகல் எஞ்சின் ஆயில் மாற்றப் பட்டறைக்குப் போனோம். வேலை முடிந்ததும் பட்டறைக்காரர் வழக்கம்போல ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்தவர் மறுபடியும் போனட்டைத் தூக்கி, குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "எந்தப் பட்டறையில செஞ்சீங்க அண்ணே? சுத்தமான வேலை" என்றார்.

"எங்க வீட்டுப் போர்ச்சுல. என்னைக் கேக்காதீங்க பாஸ், நான் சாம்பிராணியோட வந்து திட்டு வாங்கினவன். அவகிட்டயே கேளுங்க."

பட்டறைக்காரர் கையைத் துணியில் துடைத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, பிரஷர் எவ்வளவு வச்சீங்க?"

"மூணு பார். காத்துக்குழாயக் கழட்டிட்டு வச்சேன்."

என் கணவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். இந்தத் தடவை பட்டறைக்காரரும் ஆட்டினார்.