டெல்ஃபா அக்காவின் ஜன்னல்

மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் மலையூரில் வண்டியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவோம். அதிலும் துணி துவைக்கும் மெஷின்கள் வைத்துக் கடை நடத்தும் டெல்ஃபா அக்காவுக்கு ரோட்டைப் பார்த்த ஜன்னல் வேறு. "ரஸ்ஸல் வண்டி டாக்டர் வாசல்ல காலையில இருந்து நிக்குது" என்று அவள் வாயைத் திறந்தால் போதும், மத்தியானத்துக்குள் ரஸ்ஸல் வீட்டுக்கு இரங்கல் சாப்பாடு போய்விடும்.

அவள் புருஷன் ஹோபர்ட்டுக்கு, அவன் வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை சரிந்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. தூங்குவதற்காகக் குடித்தான். மனநல டாக்டரிடம் போனால், முதலில் குடியை விட்டுவிட்டு வா என்றார். குடியை நிறுத்தும் இடத்தில், முதலில் மனசைச் சரிபண்ணிக்கொண்டு வா என்றார்கள். இரண்டு ஊருக்கும் அலைந்து வண்டிச் சக்கரம்தான் தேய்ந்தது. கடைசியில் எங்கும் வரமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டான். பாவம் அக்கா, தன் வீட்டுக் கதையை மறைக்கத்தான் ஊர்க்கதை பேசினாளோ என்னவோ.

இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கிற கிளினிக் ஒன்று வைக்கலாமென்று போன வசந்தத்தில் தீயணைப்பு நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். தலைநகரிலிருந்து வந்த அதிகாரி படம் காட்டினார்: கடைத்தெருவில் கண்ணாடிக் கட்டடம், பெரிய பெயர்ப்பலகை, வாசலில் தாராளமாக பார்க்கிங். கூட்டம் அங்கே கொடுத்த பெப்பரோனி ரோலை, அதாவது இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டியை, மென்றுகொண்டிருந்தது.

"ஏன், யாரும் வரமாட்டீங்களா?" என்றார் அதிகாரி.

"வரலாம் சார். வண்டிய எங்க ஒளிச்சு வெக்கிறது?" என்றான் ரஸ்ஸல்.

"எதுக்கு ஒளிக்கணும்?"

"எதிர்லதான டெல்ஃபாக்கா ஜன்னல் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நன்றாக வேணும் இவளுக்கு என்று நானும் சிரித்தேன். ரோலுக்காக வந்திருந்த ஹோபர்ட் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வாடிவிட்டது.

"என் கடையில பாதி சும்மாதான் கெடக்கு. அங்கயே வெச்சுக்கங்க, உள்ளுக்குள்ள ஒரு கதவு போட்டு. துணிக்கூடையோட வர்றவன யாரு கேக்கப் போறா?"

"நீயே கேப்பியேக்கா" என்றான் ரஸ்ஸல்.

"இனிமே கேட்டா என் நாக்க அறுத்துருடா."

"அறுத்தாலும் அது தனியாக் கெடந்து பேசுமே."

அதிகாரி தன் கண்ணாடிக் கட்டடத்தைச் சுருட்டி வைத்தார்.

இலையுதிர் காலத்தில் கிளினிக் திறந்தது. அக்கா தன் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஊரே திடீரென்று சுத்தமாகிவிட்டது. மடிப்புக் கலையாத சட்டைகளை வாராவாரம் தூக்கிக்கொண்டு ஆம்பிளைகள் வந்தார்கள். அவளோ சுவரைப் பார்த்தபடி என்னிடம் வானிலை பேசினாள். அடக்கிவைத்த கதையில் அவள் வயிறு வெடித்துவிடுமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

ஒருநாள் காலை, கல்யாணமான நாளிலிருந்து துவைக்கும் மெஷினைத் தொட்டே அறியாத ஹோபர்ட் கூடையோடு வந்து நின்றான். கூடையில் ஒற்றைக் காலுறை. இருமலிலேயே ஆள் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பவில்லை.

"சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டுல எதுக்கு ரொம்ப நேரமாகும்?"

"சுடுதண்ணிக்கு."

"அப்ப அதுலயே போடு."

உள்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் காலுறையை மெஷினில் போட்டாள். அவன் வெளியே வரும்வரை அதையே திரும்பத் திரும்பத் துவைத்தாள்.