பதில் கிடைக்கும்வரை

அலுவலகக் கட்டடத்தைக் கடமை தவிர்ந்த எதற்கும் பயன்படுத்த, மேலிடத்தின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். இந்த விதியை முப்பது வருடம் பிறருக்குப் படித்துக் காட்டிய நிருவாக உத்தியோகத்தன் நான். அதை நானே சுற்றிப் போகக் காரணம், எங்கள் பிரதம இலிகிதர் அம்மையாரின் கையிலிருந்த கறுப்புக் கடிகாரம்.

கட்டாரிலிருந்து அவருடைய மகன் அனுப்பியது. இதயம் வேகமாக அடித்தால் கீச்சிடும். உன்னிச்சைக் குளத்து நீர்ப்பங்கீடு எங்கள் அலுவலகத்தின் பொறுப்பு. தண்ணீர் பிந்தினால், வயற்காரருக்காகப் பேசும் வட்டை விதானையார் சேற்றுக்காலோடு நேரே அம்மையாரின் மேசைக்கு வருவார். விதானையார் படியேறும்போதே கடிகாரம் கீச்சிடத் தொடங்கிவிடும்.

மூன்று மாதத்தில் இரத்த அழுத்தம் இறங்காவிட்டால் வேலையை விடும்படி வைத்தியர் அம்மையாரிடம் சொல்லியிருந்தார். அவருக்கோ விட மனமில்லை. அவர் இல்லாவிட்டால் அங்கே ஒரு கோப்பும் அகப்படாது என்பது எனக்கும் தெரியும்.

"காலையில இருபது நிமிஷம் பதிவேட்டறையில யோகா செய்யட்டா, சேர்?"

அனுமதி கோரி எழுதினேன். கடைசியில், 'தங்கள் பதில் கிடைக்கும்வரை தற்காலிகமாக நடைபெறும்' என்று சேர்த்தேன். மேலிடம் பதில் எழுதும் வேகம் அறிந்தவன் எழுதிய வரி அது.

பழைய கோப்புகளுக்கு நடுவே பாய் விரிந்தது. ஒரு வாரத்தில் ஐந்து பாய்கள். பிறகொருநாள் விதானையார் சத்தம் போட்டபடி வந்தார். கடிகாரம் கீச்சிட்டது. பிரதம இலிகிதர் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்க விதானையார், மூச்சை இழுத்து விட்டுட்டு வாறன்."

"நீங்க ஆறுதலா விடுங்க தங்கச்சி. அங்க என்ட பயிர் கடைசி மூச்சை விடுது!"

அலுவலகமே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபோது கடிகாரமும் ஓய்ந்திருந்தது. அவர் அதைக் கழற்றி விதானையாரின் கையில் கட்டினார். அங்கே அது இன்னும் பலமாகக் கத்தியது. மறுநாள் காலை விதானையார் கால் கழுவிக்கொண்டு, கக்கத்தில் பாயோடு வந்து நின்றார்.

"நான் மூச்சை விடுறன். நீங்க தண்ணியை விடுங்க."

மூன்றாம் மாதம் வைத்தியர் நம்பாமல் இரண்டு தரம் அளந்து பார்த்துவிட்டு, வேலையைத் தொடரச் சொன்னார்.

இப்போது நானும் ஓய்வூதியக்காரன். என் மணிக்கட்டிலும் அப்படியொரு கடிகாரம். சுற்றறிக்கை என்ற சொல்லைக் கண்டாலே கீச்சிடுகிறது. அப்போதெல்லாம் மேலிடத்தின் பதிலை நினைத்துக்கொள்வேன், அடங்கிவிடும். 'பிரதம இலிகிதருக்கு இவ்வனுமதி வழங்க முடியாது' என்றிருந்த அந்தக் கடிதத்தில் 'பெறப்பட்டது' முத்திரையை நானே குத்தினேன். திகதி: அவர் அறுபது வயது நிறைந்து, கழுத்தில் மாலையோடு அலுவலகப் படியிறங்கிய நாள்.