ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓடிய வருடம்

வேலை போனபோது எனக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருடம் அசோக் நகரில் ஒரு சின்னத் தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இன்னொரு அலுவலகத்தில் போய், என்னைவிட இருபது வயது இளையவர்கள் முன்னால் நேர்காணலுக்கு உட்கார மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் ஸ்கூட்டர் ஓட்டுவது. எங்கள் அடுக்ககத்துப் பெண்கள் பலரும், "எனக்கும் கத்துக் குடுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்கள். பயிற்சிப் பள்ளிகளில் ஆண்கள் முன்னால் தடுமாறி விழ அவர்களுக்குக் கூச்சம்.

அதனால் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மட்டும் ஸ்கூட்டர் பயிற்சி என்று நோட்டீஸ் அடித்தேன். திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் கடைகளாகப் பார்த்து நானே ஒட்டினேன். அன்றிரவு சந்தோஷத்தில் சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை. மறுநாள் மூன்று அழைப்புகள் வந்தன. ஒருவர் ஓட்டிக் காட்டாமலே லைசென்ஸ் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். ஒருவர் ஆண்களுக்கு ஏன் இல்லை என்று சண்டை பிடித்தார். மூன்றாவதுதான் என் முதல் மாணவி. மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அறுபத்தொரு வயது.

"தெனமும் காலைல சாந்தோம் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகணும். ஆட்டோக்காரங்களோட பேரம் பேசிப் பேசி அலுத்துப்போச்சும்மா" என்றார்.

நான் அவரை டீச்சர் என்று கூப்பிட்டேன். அவர் என்னை மிஸ் என்றார். காலை ஆறு மணிக்கு, வண்டிகள் வரத் தொடங்கும் முன், அவர் ஓட்டுவார். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டும். டீக்கடைக்காரர் தினமும் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "இன்னாக்கா, வண்டிய நீ புட்ச்சிக்கினு ஓடுறியா, வண்டி உன்ன இஸ்துக்கினு ஓடுதா?"

இரண்டு மாதத்தில் ஆறு பேர் ஆனார்கள். என் கணவர்கூட, "பரவாயில்லையே, ஆறு பேரா?" என்றார். காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இன்னொரு ஸ்கூட்டர் வாங்குவது பற்றிப் பேசினேன்.

ஆறாவதாகச் சேர்ந்தவர் அடையாறிலிருந்து வந்த குடும்பத் தலைவி. நான்காம் நாள், குறுக்கே ஓடிய நாயைப் பார்த்துப் பதறி, பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிட்டார். கம்பி என் கையிலிருந்து நழுவிப் போனது. வண்டி மரத்தில் மோதி, அவர் கீழே விழுந்தார். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

மருத்துவமனைக்கு வந்த அவர் மகன் எல்லார் முன்னாலும் கத்தினான். "எந்தத் தைரியத்துல நீங்க கிளாஸ் நடத்துறீங்க? உங்களுக்கு என்ன தகுதி இருக்கு?"

செய்தி பரவி அந்த வாரமே மூன்று பேர் நின்றுவிட்டார்கள். நான்காவது ஆள் போனையே எடுக்கவில்லை. பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஸ்கூட்டருக்கு உறை போட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி. டீச்சரைக் கூப்பிட்டு வகுப்பை நிறுத்திவிட்டேன் என்றேன்.

"நீங்க நிறுத்திட்டீங்க மிஸ். எனக்கு இன்னும் வலது பக்கம் திரும்பவே வரல. என்ன பண்றது?" என்றார். எரிச்சலாக வந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, கை உடைந்தவரைப் பார்க்க சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அடையாறுக்குப் போனேன். மகன் இருந்தால் என்ன பேசுவது என்று பஸ் முழுக்க யோசித்தேன். நல்லவேளை, அவன் இல்லை. அவர் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"என் எடத்துக்கு வேற யாரையும் சேத்துடலயே? கட்டுப் பிரிச்சதும் வந்துடுவேன். பையன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

வகுப்பே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேர்க்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

மழை விட்ட மறுநாள் டீச்சரை வரச் சொன்னேன். வலது பக்கம் திரும்பப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் தேர்வில் எட்டுப் போடும்போது இரண்டு முறை கால் ஊன்றித் தோற்று, மூன்றாவது முறை தேறினார். அன்று சாந்தோம் வரை என்னைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினார். வழி நெடுக எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அடையாறுக்காரர் வரவேயில்லை. இரண்டு தடவை போன் செய்து, அடுத்த மாதம் வருவதாகச் சொன்னார். அப்புறம் அதுவும் நின்றுபோனது. அந்த இடத்தைக் கொஞ்ச நாள் காலியாகவே வைத்திருந்தேன்.

டீச்சர் ஓட்டிப் போவதைப் பார்த்து ஒவ்வொருவராகச் சேர்ந்து, இப்போது எட்டுப் பேர் வருகிறார்கள். ஜெயித்துவிட்டேன் என்றெல்லாம் தோன்றவில்லை. வலது முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறேன். கம்பியிலிருந்து கையை எடுத்த பிறகும் கொஞ்ச தூரம் நிற்காமல் பின்னாலேயே போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. அன்றைக்கு வெயில் ஏறிய பிறகும் நான் எழுந்திருப்பதில்லை.