சென்ரருக்குப் போறன்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்காக என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான். மற்றதெல்லாம் மாமா பார்த்துக்கொண்டார். நான் ஒரே பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை. அதனால் கிரியையை அம்மாவின் தம்பிதான் செய்வது என்று முடிவாகிவிட்டது. அப்பா எங்களை விட்டுப் போய் நிறைய வருடம். ஒஸ்லோவிலிருந்து யாழ்ப்பாணம் வரை அம்மாவின் சாம்பலை மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான். வீட்டு வாசற் படலையடியில் மாமா இரண்டு கையாலும் அதை வாங்கினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. கதிரையில் இருந்தேன். யாராவது வந்தால் எழும்பி நின்றேன். வந்தவர்கள் என் கன்னத்தைத் தடவி, "அப்பிடியே தாய்தான்" என்றார்கள்.

கிரியைக்கு முதல்நாள் காலை சித்தி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்.

"பிள்ளை, கொம்மாவுக்கு என்ன பிடிக்கும்? நாளைக்குப் படைக்கோணும்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. சாவு வீட்டில் சொல்லக்கூடாத சொல், ஆனால் உண்மை அதுதான். இது எனக்குத் தெரியும். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"வாஃபல்" என்றேன்.

"என்னது?"

"வாஃபல், சித்தி. மண்ணிறச் சீஸும் ஜாமும் வைச்சு."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமி சிரித்துவிட்டார். "சீஸ் எண்டால் மஞ்சளெல்லோ? மண்ணிறமெண்டால் உது பழுதாப்போனதாக்கும்."

"சும்மா இரடி" என்று சித்தி மாமியை அதட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "அக்காவுக்குப் பிடிச்சது பயத்தம் பணியாரமும் பலாப்பழமும். எனக்குத் தெரியாதே? ஒரே பாயில படுத்து எழும்பினனாங்கள். உது நீ சொல்லுறது உன்ரை சாப்பாடு" என்றார்.

என்னுடைய சாப்பாடு இல்லை. எனக்கு வாஃபல் அவ்வளவு பிடிக்காது.

சித்தியின் அக்கா இருபது வயதில் இந்த வீட்டைவிட்டுப் போனவள். போய், நோர்வேயின் உச்சியில் பாட்ஸ்பியோர்ட்டில், மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே சாப்பாட்டு அறையில் வாஃபல் சுட்டுக் கொடுப்பார்களாம். "அந்த ஊரில மீன் மணக்காத ஒரே சாமான் அதுதான்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். பிறகு ஒஸ்லோ. ட்வெய்ட்டாவில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே நடந்தால் சென்ரர், கடைகளும் கோப்பிக்கடையும் உள்ள பெரிய கட்டடம். சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்தில் கிளீனிங் முடித்து நேராக அங்கே வருவார். நானும் இறங்கிப் போவேன். ஒரு வாஃபல், ஒரு கோப்பி. அந்த நாட்டு மண்ணிறச் சீஸ் வாஃபலின் சூட்டில் இளகி வியர்க்குமட்டும் பொறுத்திருந்துதான் மடிப்பார். "இது முடியுமட்டும் என்னோடை கதையாதை" என்பார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முடிந்ததும் விரலைத் துடைத்துவிட்டு, "சரி, இப்ப சொல்லு" என்பார். கிழமை முழுக்க அம்மா தனக்கென்று செய்த ஒரே காரியம் அதுதான்.

நாளைக்கு வாழையிலையில் பலாப்பழம் வைப்பார்கள். அம்மா பலாப்பழம் சாப்பிட்டு நான் கண்டதே இல்லை. ஒஸ்லோவில் ரின்னில் அடைத்து வரும், திரும்பியும் பார்க்கமாட்டார். இலையில் வாஃபல் இல்லாவிட்டால் அது நான் ஒருநாளும் சந்திக்காத ஒரு பெட்டைக்குப் படைக்கிற படையல். என்னுடைய அம்மா எங்கே போய்ச் சாப்பிடுவார்? இப்படித்தான் யோசித்தேன். இதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெரியாது.

செருப்பைப் போட்டுக்கொண்டு, "சித்தி, சென்ரருக்குப் போட்டு வாறன்" என்றேன்.

"ரியூசனுக்கோ? இப்பவோ?" என்று சித்தி உள்ளேயிருந்து கத்தினார். எனக்கு விளங்கவில்லை. போய்விட்டேன்.

சந்தியில் ஓட்டோ நின்றது. "அண்ணை, சென்ரருக்கு விடுங்கோ" என்றேன்.

"எந்தச் சென்ரர்?"

"பெரிய சென்ரர்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வெயிலுக்குள்ளால் ஓடி ஓடி ஒரு ஒழுங்கைக்குள் திருப்பி நிறுத்தினார். நூற்றுக்கணக்கில் சைக்கிள். நீளத் தகரக் கொட்டில். உள்ளே மைக்கில் ஒருவர் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் கொப்பியும் கையுமாக வாசலில் நெரிந்தார்கள்.

"அண்ணை, இது என்ன இடம்?"

"சென்ரர். பெரிய சென்ரர் எண்டியள். இதைவிடப் பெரிசு யாழ்ப்பாணத்தில இல்லை."

"நான் கேட்டது கடையள் இருக்கிற சென்ரர்."

அவர் தலையில் கை வைத்தார். "ஷொப்பிங் எண்டு சொல்லுறதெல்லோ, தங்கச்சி! வெளிநாட்டுப் பிள்ளை, இங்கிலிஸ் படிப்பிக்கப் போகுதாக்கும் எண்டெல்லோ நினைச்சன்."

நான் படிப்பிக்கவாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, இப்போது பஸ் கழுவுகிறவள் நான். அம்மா இருந்திருந்தால் இந்தக் கதையை ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பார். எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பினேன். சீற்றில் என்னுடைய பைதான் இருந்தது.

ஷொப்பிங் சென்ரரின் கண்ணாடிக் கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. யாழ்ப்பாணத்துக்கு வந்தபிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு விட்டேன். அந்தக் குளிருக்காகவே பாதிச் சனம் வந்திருந்தது. ஒன்றும் வாங்காமல் குடும்பம் குடும்பமாகச் சுற்றினார்கள். தானாக ஏறும் படியடியில் ஒரு கூட்டம் நின்றது. ஒரு தாய் சீலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். அவருடைய மகள் மேலே ஏறிப் போய்விட்டாள். அங்கேயிருந்து, "அம்மா, வையுங்கோ! ஒண்டும் செய்யாது!" என்று கத்தினாள்.

"நீ போடி! நான் இஞ்சையே நிக்கிறன்!"

"ஐயோ, எல்லாரும் பாக்கினம்!"

"பாக்கட்டும்! காசோ குடுத்தவை?"

மகள் மற்றப் படியால் இறங்கி வந்து தாயின் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாகக் கால் வைத்தார்கள். அவர்கள் மேலே போய்ச் சேருமட்டும் நான் கீழே நின்றேன். பிறகு நானும் ஏறினேன்.

சுப்பர்மார்க்கற்றில் சீஸ் தட்டு முழுவதும் தேடினேன். ரின்னில் சீஸ், முக்கோணத்தில் சீஸ், எல்லாம் மஞ்சள். மண்ணிறம் என்று கேட்டதற்கு ஒருவர் என்னைச் சவர்க்காரப் பக்கம் அனுப்பினார். ஆனால் மேல் மாடியில், சாப்பாட்டுக் கடைகளின் மூலையில், வாஃபல் சுடுகிற சின்னக் கடை ஒன்று இருந்தது. அந்த மணம்! நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வாஃபலின் மணம் எனக்கு அம்மாவின் வேலை ஜக்கெட்டின் மணம்.

கடையில் நின்றது என் வயதுப் பெண். நெற்றியில் விபூதி. "என்ன அக்கா, சொக்கிலேட் சோஸோ, ஐஸ்கிறீமோ?"

"ஒண்டும் வேண்டாம். ஜாம் மட்டும்."

"ஜாமோ? பாணுக்கெல்லோ ஜாம்" என்று சிரித்தாள். ஆனாலும் எங்கேயோ தேடி ஒரு போத்தல் எடுத்தாள்.

"வடிவாக் கட்டித் தாங்கோ, தங்கச்சி. நாளைக்குமட்டும் வைச்சிருக்கோணும்."

"நாளைக்கோ? றப்பர் மாதிரி வந்திடும் அக்கா. இப்பவே சாப்பிடுங்கோ."

"சாப்பிட இல்லை. படைக்க."

அவள் கை நின்றது. "ஆருக்கு?"

"அம்மாவுக்கு. நாளைக்கு அந்தியேட்டி."

அவள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, உதுக்குள்ளை முட்டை கிடக்குதெல்லோ" என்றாள்.

எனக்குத் தெரியாததா? எத்தனை தடவை வீட்டில் முட்டை உடைத்து ஊற்றிச் சுட்டிருக்கிறோம். ஆனால் அந்தியேட்டிப் படையல் மரக்கறி என்பது என் தலைக்குள் வரவேயில்லை. மீன் இறைச்சிதான் எனக்கு மச்சம், முட்டை வேறு. வாஃபல் எனக்கு வாஃபல்தான்.

"முட்டை இல்லாமல் ஒண்டு சுட ஏலாதோ?"

"மா கலந்துதான் வாறது, வாளியில."

"ஒருத்தருக்கும் தெரியாது, தங்கச்சி. கட்டித் தாங்கோ."

"எனக்குத் தெரியுமெல்லோ" என்றாள். அவள் கோபிக்கவில்லை. கெஞ்சுகிற மாதிரிச் சொன்னாள். "தெரிஞ்சுகொண்டு நான் எப்பிடி அக்கா? ஐயர் இருக்கிற இடம். உங்கடை அம்மாவுக்கெல்லோ பாவம்."

அவள் அதைத் தட்டில் வைத்துத் தந்தாள். நான் ஒரு மூலை மேசையில் இருந்து சாப்பிட்டேன். ஜாம் சரியான இனிப்பு. மேலே ஏறி வந்த அந்தத் தாயும் மகளும் பக்கத்து மேசையில் ஒரு ஐஸ்கிறீமுக்கு இரண்டு கரண்டி வைத்துச் சாப்பிட்டார்கள். எறிய மனம் வரவில்லை. முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி, "கிடைச்சுதோ உன்ரை சாமான்?" என்று கேட்டார்.

"முட்டை போட்டதாம்."

"நான் சொன்னனெல்லோ! அக்கா முட்டை தொடமாட்டாள். அவிக்கிற மணத்துக்கே கிணத்தடிக்கு ஓடிப்போடுவாள்."

ஒஸ்லோவில் அம்மா காலையில் முட்டை அவித்துத்தான் வேலைக்குக் கொண்டுபோவார். நான் சொல்லவில்லை. சித்திக்கும் அழ ஒரு அக்கா வேண்டும்தானே.

அடுத்த நாள் இலை போட்டார்கள். பணியாரம், பலாப்பழம், கத்தரிக்காய்ப் பால்கறி, இன்னும் என்னென்னவோ. மாமா எல்லாம் வைத்துத் தேவாரம் பாடியதும் எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். கதவைச் சாத்தினார்கள். "ஏன்?" என்று கேட்டேன். "ஆக்கள் நிண்டால் செத்தவை வரமாட்டினம். தனிய விட்டால்தான் வந்து சாப்பிடுவினம்" என்று சித்தி சொன்னார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்தபோது இலையில் எல்லாம் வைத்தபடி இருந்தது. சித்தி மட்டும், "பணியாரத்தைத் தொட்டிருக்கிறாள், பாருங்கோ" என்று சொல்லி அழுதார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்த முதல் சனிக்கிழமை சென்ரருக்குப் போனேன். ஒரு வாஃபல் வாங்கினேன். மண்ணிறச் சீஸ், ஜாம், கோப்பி. எங்களுடைய மேசையில் வேறு யாரோ இருந்தார். அதனால் சுவரோரம் ஒரு மேசையில் வைத்தேன். கதிரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன். தேவாரம் எனக்குப் பாடமில்லை. சீஸ் வியர்க்குமட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அங்கேயிருந்து போய்விட்டேன்.

கதவு இல்லாத இடம். அதனால் சப்பாத்துக்கடைக்குப் பின்னால் போய், மேசையிலிருந்து பார்த்தால் என்னைத் தெரியாத மாதிரி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். குழந்தைச் சப்பாத்து ஒன்றைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் எத்தனையாம் அளவு என்று கேட்டார். தெரியாது என்றேன். அம்மாவுக்கு ஆறுதலாகச் சாப்பிட நேரம் வேண்டும்.

திரும்பி வந்தபோது மேசை துடைத்துக் கிடந்தது. தட்டு இல்லை, கோப்பி இல்லை.

துடைக்கிற துணியோடு நின்ற பெண் என்னைக் கண்டதும் முகம் சிவந்துவிட்டாள். வேலைக்குப் புதுசு போலிருந்தாள். "மன்னியுங்கள், நீங்கள் போய்விட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னாள். "புதிதாக ஒன்று சுட்டுத் தரட்டுமா? காசு வேண்டாம்."

"வேண்டாம்" என்றேன். "சாப்பிட்டாச்சு."

அந்த வாஃபலை ஒருவரும் ஒரு கடிகூடக் கடிக்கவில்லை என்பது தட்டை எடுத்த அவளுக்குத் தெரியும். இழுத்துவிட்டிருந்த கதிரையை மெதுவாக மேசைக்குள் தள்ளிவிட்டு, அடுத்த மேசையைத் துடைக்கப் போனாள்.